பச்சை நீலமாவது எப்போது: பாக்டீரியாவின் ஊசி வேலையைக் காட்டும் சிசிஎஃப்4-ஏஎம் சாயக் கிட், ஒரு மதிப்பீடு

நோய்க்கிருமி தன் புரதத்தை ஓம்புயிர்ச் செல்லுக்குள் செலுத்திவிட்டதா? கேட்பது சுலபம், நிரூபிப்பது கடினம். உள்ளே போகும் புரதத்தின் அளவு மிகச் சிறியது. செல்லின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களுக்குள் அதே புரதம் பல மடங்கு கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சிதைத்து வெஸ்டர்ன் பிளாட் (எதிர்ப்பொருளால் புரதத்தைக் கண்டறியும் முறை) போட்டால், உள்ளே போனது எது, வெளியே ஒட்டியிருந்தது எது என்று பிரிக்க வழியில்லை. டிஜிடோனின் கொண்டு செல்சவ்வை மட்டும் திறந்து பிரித்தெடுக்கலாம். ஆனால் நூறு மியூட்டன்ட்களை (ஜீன் மாற்றிய கிருமிகளை) அப்படிச் சோதிக்க யாராலும் முடியாது.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் சிசிஎஃப்4-ஏஎம் சாயமும் டெம்-1 பீட்டா-லாக்டமேஸும் சேர்ந்த முறை. டெம்-1 என்பது பெனிசிலின் வகை மருந்துகளை உடைக்கும் பாக்டீரியா நொதி. ஆராய வேண்டிய புரதத்தோடு அதை ஒட்டி, ஒரே இணைப்புப் புரதமாகப் பாக்டீரியாவை உற்பத்தி செய்ய வைப்பார்கள். அது செல்லுக்குள் போனால் சாயம் நிறம் மாறும். சாயத்தின் முந்தைய வடிவமான சிசிஎஃப்2 பற்றி 1998-இல் ஆய்வுக்கட்டுரை வெளியானது. அன்றைய நோக்கம் பாலூட்டிச் செல்களில் ஜீன் வெளிப்பாட்டைப் பார்ப்பது. 2004-இல் குடல்நோய் உண்டாக்கும் ஈ. கோலையின் எஃபெக்டர் புரதங்களை (ஓம்புயிர்ச் செல்லுக்குள் செலுத்தப்படும் புரதங்களை) பின்தொடர அது கையாளப்பட்டது. அதன்பின் யெர்சினியா, சால்மொனெல்லா, லெஜியோனெல்லா, காக்ஸியெல்லா என்று பல கிருமிகளுக்கும் பரவிவிட்டது. இன்று கிட்டாகவே கிடைக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டால் இதைப் போலத் தெளிவாகப் பதில் சொல்லும் கருவி குறைவு. தவறான கேள்வியைக் கேட்டாலும் அழகான ஒரு எண்ணைக் கொடுத்துவிடும் என்பதுதான் ஆபத்து.

சாயம் வேலை செய்யும் விதம்

சாய மூலக்கூறின் ஒரு முனையில் கூமரின், மறுமுனையில் ஃப்ளோரசீன், நடுவில் பாலமாக ஒரு செஃபலோஸ்போரின். 409 நானோமீட்டர் ஒளியைக் கூமரின் உறிஞ்சுகிறது. பாலம் முழுதாக இருந்தால் அந்த ஆற்றல் பக்கத்திலிருக்கும் ஃப்ளோரசீனுக்குத் தாவி, 520-இல் பச்சையாக வெளிவரும். பீட்டா-லாக்டமேஸ் பாலத்தை உடைத்தால் ஃப்ளோரசீன் கழன்றுபோய், கூமரின் தன் சொந்த நிறமான நீலத்தை 447-இல் உமிழும். பாலூட்டிச் செல்களில் இந்தச் சாயத்தை வெட்டும் நொதிச் செயல்பாடு குறிப்பிடும்படி இல்லை. ஆகவே நீலம் தெரிந்தால் அந்த நொதி வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

'ஏஎம்' என்ற எஸ்டர் மூடிகள் சாயத்தைக் கொழுப்பில் கரையச் செய்து சவ்வைக் கடக்க வைக்கின்றன. உள்ளே போனதும் செல்லின் எஸ்டரேஸ்கள் மூடிகளை வெட்டிவிடும். மின்னேற்றம் பெற்ற சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு நொதி மூலக்கூறு ஏராளமான சாய மூலக்கூறுகளை வெட்டும் என்பதால் உணர்திறன் மிக அதிகம். 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையே, நூற்றுக்கும் குறைவான நொதி மூலக்கூறுகள் கொண்ட தனிச் செல்லைக் கண்ணால் பிரித்தறிய முடிந்ததாகச் சொல்கிறது. எஃபெக்டர் ஆய்வுக்கு இது பெரிய வரம்.

டெம்-1 இங்கே பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல கிருமிகள் புரதத்தைச் செலுத்தப் பயன்படுத்தும் மூன்றாம் வகைச் சுரப்பமைப்பின் ஊசியின் உட்துளை ஏறத்தாழ 2.5 நானோமீட்டர்தான். மடிந்த புரதம் அதில் நுழையாது. அடியிலுள்ள ஏடிபேஸ் என்ற நொதி புரதத்தைப் பிரித்து நீட்டி அனுப்ப வேண்டும். பச்சை ஒளிர்புரதம் ஒருமுறை மடிந்துவிட்டால் பிரியவே பிரியாது. அதை எஃபெக்டரோடு ஒட்டினால் ஊசியே அடைபட்டுப்போகும். டெம்-1 அப்படி முரண்டு பிடிப்பதில்லை. பிரிந்து நுழைந்து, மறுபுறம் மீண்டும் மடிந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது.

கிட்டைத் திறக்கும் முன் பிளாஸ்மிடைத் திறந்து பாருங்கள்

சோதனை தோற்றுப்போனால் பெரும்பாலும் பழி சாயத்தின் மேல் விழுகிறது. குற்றம் பெரும்பாலும் குளோனிங்கில், அதாவது இணைப்புப் புரதத்தின் ஜீனைத் தாங்கும் பிளாஸ்மிடை (பாக்டீரியாவுக்குள் வைக்கும் வட்ட டிஎன்ஏவை) கட்டியதில் இருக்கும்.

முதலாவது, டெம்-1-இன் முதல் 23 அமினோ அமிலங்களாகிய சிக்னல் பெப்டைடை நீக்கியிருக்க வேண்டும். 24 முதல் 286 வரையுள்ள பகுதி மட்டுமே தேவை. சிக்னல் பெப்டைடு இருந்துவிட்டால் புரதம் ஊசிக்குப் போகாமல் பெரிபிளாசத்துக்கு (பாக்டீரியாவின் இரு சவ்வுகளுக்கு இடையிலுள்ள பகுதிக்கு) போய்விடும். அங்கிருந்து கசியும் நொதி, செல்லுக்குள் நுழையாத சாயத்தையும் வெட்டும். எல்லாக் குழிகளும் நீலமாகும், எதற்கும் பொருளிருக்காது.

இரண்டாவது, பிளாஸ்மிடின் முதுகெலும்பில் ஆம்பிசிலின் தடுப்பு ஜீன் இருக்கவே கூடாது. அந்த ஜீன்தான் டெம்-1. சிக்னல் பெப்டைடோடு கூடிய முழு வடிவம். கானமைசின் அல்லது குளோராம்பெனிக்கால் தேர்வுள்ள பிளாஸ்மிட்களையே பயன்படுத்துங்கள். ஒரே ஸ்ட்ரெயினில், நீக்கிய ஜீனைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கும் நிரப்புப் பரிசோதனைக்காக இரண்டாவது பிளாஸ்மிட் போடும்போது இதை மறப்பவர்கள் அதிகம். நல்ல சோதனை ஒன்று உண்டு: சரியாகக் கட்டப்பட்ட இணைப்புப் புரத ஸ்ட்ரெயின் ஆம்பிசிலின் தட்டில் வளரக் கூடாது. வளர்ந்தால் நிறுத்திவிட்டு வரிசையைப் பாருங்கள். இதே காரணத்தால் செல் வளர்ப்பு ஊடகத்தில் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் மிச்சமிருந்தால் உங்கள் பாக்டீரியா தொற்றுக்கு முன்பே செத்துவிடும். செல்களை முதல் நாளே நுண்ணுயிர்க்கொல்லி இல்லாத ஊடகத்தில் விதையுங்கள்.

மூன்றாவது, எந்த முனையில் ஒட்டுவது? மூன்றாம் வகை எஃபெக்டர்களின் சுரப்புச் சமிக்ஞை முதல் 20-30 அமினோ அமிலங்களில் இருக்கிறது. சாப்பரோன் என்ற துணைப்புரதம் பற்றும் பகுதி அதற்கடுத்து, பொதுவாக முதல் நூறுக்குள். ஆகவே எஃபெக்டர் முன்னால், டெம்-1 பின்னால். லெஜியோனெல்லா, காக்ஸியெல்லா ஆகியவற்றின் நான்காம் வகை டாட்/ஐசிஎம் அமைப்பில் நிலைமை தலைகீழ்: சமிக்ஞை பெரும்பாலும் கடைசி முனையில் இருப்பதால் டெம்-1 முன்னால் வர வேண்டும். சால்மொனெல்லா வெக்டரை அப்படியே லெஜியோனெல்லாவுக்கு எடுத்துக்கொண்டால் ஒரு நீலச் செல்கூடக் கிடைக்காது.

கட்டிய புரதம் உயிரோடு இருக்கிறதா என்பதைச் சாயத்தைச் செலவழித்துப் பார்க்க வேண்டாம். பாக்டீரியாவைச் சிதைத்த சாற்றில் நைட்ரோசெஃபின் என்ற நிறம் மாறும் செஃபலோஸ்போரினை விட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும். சில நிமிட வேலை. கூடவே பீட்டா-லாக்டமேஸ் எதிர்ப்பொருள் கொண்டு ஒரு வெஸ்டர்ன். எல்லா ஸ்ட்ரெயின்களிலும் இணைப்புப் புரதம் முழு நீளத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால்தான் பின்னால் வரும் ஒப்பீட்டுக்கு மதிப்பு.

சில கிருமிகளுக்குச் சொந்தமாகவே பீட்டா-லாக்டமேஸ் உண்டு. யெர்சினியா என்டெரோகோலிட்டிகாவும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் அப்படி. சாயம் செஃபலோஸ்போரின் என்பதால் அவற்றின் ஆம்ப்-சி வகை நொதிகளும் அதை வெட்டும். இந்தக் கிருமிகளில் வேலை செய்பவர்கள் அந்த ஜீன்களை நீக்கிய ஸ்ட்ரெயினைத் தயாராக வைத்துக்கொள்ளாமல் கிட் வாங்குவது வீண்.

கலவையும் சோதனையும்

கிட்டில் மூன்று கரைசல்கள். உலர்ந்த சாயத்தை உலர் டிஎம்எஸ்ஓவில் 1 மில்லிமோலாராகக் கரைத்தால் அது 'ஏ'. 200 மைக்ரோகிராம் குப்பிக்கு 182 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ. 'பி' புளூரானிக் என்ற பரப்பியங்கி உள்ள டிஎம்எஸ்ஓ. 'சி' பாலிஎத்திலீன் கிளைகால் கலந்த நீர்க்கரைசல். ஆறு மடங்கு செறிவில் 1 மில்லிலிட்டர் தயாரிக்க 6 மைக்ரோலிட்டர் ஏ, 60 மைக்ரோலிட்டர் பி, 934 மைக்ரோலிட்டர் சி.

வரிசை முக்கியம். முதலில் ஏ-வைப் பி-யில் விட்டு வோர்டெக்ஸ் செய்து, பிறகு சி-யைச் சுழற்றிக்கொண்டே சேர்க்க வேண்டும். நீர் விரும்பாத சாயத்தைப் பரப்பியங்கிதான் தாங்கிப் பிடிக்கிறது. ஏ-வை நேராக சி-யில் விட்டால் சாயம் திரண்டு, நுண்ணோக்கியில் பச்சைத் துகள்களாகச் செல்களின் மேல் ஒட்டிக்கிடக்கும். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் பி கெட்டியாகத் தெரிந்தால் கெட்டுப்போனதாக நினைத்து எறிய வேண்டாம், அறை வெப்பத்துக்கு வரவிட்டு நன்றாகக் கலக்கினால் போதும். ஏ-வைச் சிறு பங்குகளாகப் பிரித்து, ஈரம் படாமல், இருட்டில், மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும். டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் எஸ்டர் மூடிகளைக் கழற்றும். மூடி கழன்ற சாயம் செல்லுக்குள் போகாது. ஒரே குப்பியைப் பத்து முறை திறந்து மூடினால் மெல்ல மெல்லப் பச்சை மங்குவது இதனால்தான். கலந்த ஆறு மடங்குக் கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ஈ. கோலை, ஹீலா (மனிதச் செல் வரிசை) செல் ஜோடியை எடுத்துக்கொண்டால்: கறுப்புச் சுவரும் தெளிந்த அடியும் கொண்ட 96 குழி பிளேட்டில், குழிக்கு 20,000 செல்கள் முதல் நாள் மாலை. பாக்டீரியாவை இரவு முழுதும் எல்பி என்ற சத்து ஊடகத்தில் வளர்த்து, மறுநாள் டிஎம்இஎம் ஊடகத்தில் நீர்த்து, 37 டிகிரியில் சுமார் மூன்று மணி நேரம் விடுங்கள். எல்பி-யில் வளர்ந்த ஈ. கோலை தன் ஊசிகளை அதிகம் கட்டுவதில்லை; டிஎம்இஎம்-இல்தான் அந்த ஜீன்கள் விழிக்கின்றன. ஐபிடிஜி தூண்டும் புரோமோட்டர் என்றால் தொற்றுக்கு அரை மணி முன் சேர்க்கலாம். செல் ஒன்றுக்கு 50 முதல் 100 பாக்டீரியா, ஒன்றரை மணி நேரத் தொற்று. சால்மொனெல்லாவின் இரண்டாம் தீவு (நோயூட்டும் ஜீன்கள் கூட்டமாக உள்ள டிஎன்ஏ பகுதி) எஃபெக்டர்கள் என்றால் இந்தக் கணக்கு செல்லாது: பாக்டீரியா உள்ளே குடியேறி அந்த அமைப்பைக் கட்ட வேண்டும், பல மணி நேரம் தேவை, வெளியிலிருப்பவற்றை ஜென்டாமைசினால் கொன்றாக வேண்டும்.

தொற்று முடிந்ததும் ஊடகத்தை நீக்கி, ஹெப்பீஸ் சேர்த்த ஹேங்க்ஸ் உப்புக் கரைசலால் கழுவுங்கள். சீரத்தில் எஸ்டரேஸ் உண்டு, அது சாயத்தை வெளியிலேயே முடக்கும். ஃபீனால் சிவப்பு ஒளி அளவீட்டைக் குழப்பும். இரண்டும் போக வேண்டும். குழியில் 100 மைக்ரோலிட்டர் கரைசல், அதன்மேல் 20 மைக்ரோலிட்டர் சாயக் கலவை. அறை வெப்பத்தில், இருட்டில், 60 முதல் 90 நிமிடம். 37 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் ஏறும் என்று இன்குபேட்டரில் தள்ளாதீர்கள். சாயம் நுண்பைகளில் அடைபடும், செல் அதை வெளியே இறைக்கவும் செய்யும். மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் அறை வெப்பத்திலேயே இறைக்கின்றன. அவற்றுக்கு 1 முதல் 2.5 மில்லிமோலார் புரோபெனசிட் (இறைப்பதைத் தடுக்கும் மருந்து) கட்டாயம். ஹீலாவுக்கு அது இல்லாமலும் ஓட்டலாம், இருந்தால் அளவீடு நிதானமாக நிற்கும்.

ஃபில்டர் விஷயம்

பலர் கால் இடறும் இடம் இது. பிளேட் ரீடரில் தூண்டல் 409/20, நீலத்துக்கு 460/40, பச்சைக்கு 530/30, கீழிருந்து படிக்கும் முறை. இரண்டு அளவீட்டுக்கும் தூண்டல் ஒன்றேதான். பச்சை என்றதும் வழக்கமான ஃப்ளோரசீன் அமைப்புக்குப் போய் 485-இல் தூண்டினால், ஃப்ளோரசீன் நேரடியாகத் தூண்டப்படும். பாலம் உடைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பச்சை வரும். நுண்ணோக்கியிலும் அப்படித்தான். டாப்பி சாயத்துக்கான ஃபில்டரில் நீலம் மட்டும் தெரியும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 405 அருகே தூண்டி, 435-க்கு மேலுள்ள எல்லா ஒளியையும் விடும் ஃபில்டர் போட்டால் பச்சைச் செல்லும் நீலச் செல்லும் ஒரே காட்சியில் அருகருகே நிற்கும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் 405 ஊதா லேசர் இருந்தால் போதும். அங்கேதான் இந்தச் சாயம் உச்சத்தைத் தொடுகிறது: 2005-இல் பிளேக் கிருமி தொற்றிய எலிகளின் மண்ணீரல் செல்களை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, கிருமி நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிட்டிக் செல்களையே தேடித் தாக்குகிறது என்பது தெரிந்தது. உயிருள்ள விலங்கில், செல்வகை வாரியாக இந்தக் கேள்விக்குப் பதில் தந்தது சாதாரண விஷயமல்ல.

கணக்கிடும்போது, செல் இல்லாமல் சாயம் மட்டும் உள்ள குழிகளின் அளவை நீலத்திலிருந்தும் பச்சையிலிருந்தும் தனித்தனியே கழித்துவிட்டு, பிறகுதான் நீலம்/பச்சை விகிதம். முதலில் விகிதம் எடுத்து அதன்பின் பின்னணியைக் கழிப்பது தவறு. விகிதத்தின் அழகு, குழிக்குக் குழி மாறும் செல் எண்ணிக்கையும் சாய அளவும் அதில் அடிபட்டுப்போவது. ஆனால் எஃபெக்டர் செல்களை உருட்டி உரித்துவிட்டால் இரண்டு எண்களும் பின்னணியை ஒட்டி வந்துவிடும். பூச்சியத்துக்குப் பக்கத்து எண்ணைப் பூச்சியத்துக்குப் பக்கத்து எண்ணால் வகுத்தால் என்ன வேண்டுமானாலும் வரும். விகிதத்தை மட்டும் பார்க்காமல் தனி எண்களையும் பாருங்கள்.

எந்தக் கன்ட்ரோல் இல்லாமல் நீலத்தை நம்பக் கூடாது

தொற்றாத செல்கள் மட்டும் போதாது. அதே இணைப்புப் புரதத்தைத் தாங்கிய, ஆனால் சுரப்பமைப்பு இல்லாத மியூட்டன்ட் வேண்டும்: ஈ. கோலையில் எஸ்க்-என், சால்மொனெல்லாவில் முதல் தீவுக்கு இன்வ்-ஏ, இரண்டாம் தீவுக்கு எஸ்எஸ்ஏ-வி, லெஜியோனெல்லாவில் டாட்-ஏ. இது பச்சையாகவே இருந்தால்தான் மற்றவற்றின் நீலத்துக்கு அர்த்தம். சுரக்கப்படாத ஜிஎஸ்டி புரதத்தோடு இணைத்த டெம்-1-ஐ இயல்பான ஸ்ட்ரெயினில் வைத்து இன்னொரு கன்ட்ரோல். யெர்சினியாவில் யாப்-பி மியூட்டன்ட் மிகப் பயனுள்ளது: அது புரதத்தை வெளியே சுரக்கும், செல்லுக்குள் செலுத்தாது. செல்லால் விழுங்கப்பட்ட கிருமி உள்ளே சிதைந்து நொதியைக் கொட்டுகிறதா என்ற ஐயம் இருந்தால் சைட்டோகலாசின்-டி கொடுத்து விழுங்குதலை நிறுத்திப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு எல்லை உண்டு. பிளாஸ்மிடில் அளவுக்கு மீறி உற்பத்தியாகும் இணைப்புப் புரதம், இயல்பில் எஃபெக்டரே அல்லாத ஒன்றையும் ஊசி வழியே தள்ளிவிடலாம். புதிய எஃபெக்டர் என்று அறிவிக்கும் முன், இணைப்பை ஜீனோமிலேயே, சொந்த புரோமோட்டரின் கீழ் வைத்து ஒருமுறை காட்டுவது நேர்மை.

எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

'போனதா, இல்லையா' என்பதற்கும், 'எந்தச் செல்லுக்குள் போனது' என்பதற்கும் தயங்காமல் வாங்கலாம். 'எவ்வளவு போனது' என்பதற்கு இது அளவுகோல் அல்ல. நொதி வேலையை நிறுத்துவதில்லை. கொஞ்சம் புரதம் போனாலும் நேரம் கொடுத்தால் சாயம் முழுதும் நீலமாகிவிடும். இரட்டிப்பு விகிதம் என்றால் இரட்டிப்பு எஃபெக்டர் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. செல்லுக்குள் எஃபெக்டர் எங்கே போய் உட்கார்ந்தது என்பதையும் இது சொல்லாது. நிறம் செல் முழுக்கப் பரவிவிடும்.

நேர வரிசைக்குச் சாயத்தை முதலிலேயே ஏற்றிவிட்டுப் பிறகு தொற்ற வேண்டும். 2008-இல் ஈ. கோலையின் ஆறு எஃபெக்டர்களை அப்படிப் பின்தொடர்ந்து, டிர் முதலில் போகிறது, மேப் கடைசியில் என்று காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் புரோபெனசிட், வெப்பநிலை, ஒளியால் சாயம் வெளுப்பது எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். முதல் சோதனையாக முயலாதீர்கள்.

மாற்று முறைகளில், 1994 முதல் இருக்கும் அடினைலேட் சைக்ளேஸ் இணைப்பு இன்றும் நம்பகமானது. ஓம்புயிரின் கால்மோடுலின் என்ற புரதம் இருந்தால்தான் அந்த நொதி இயங்கும். ஆனால் செல்களைச் சிதைத்து சைக்ளிக் ஏஎம்பி-யை எலைசாவில் அளக்க வேண்டும், தனிச் செல் தகவல் கிடைக்காது. ஊதா லேசரோ பொருத்தமான ஃபில்டரோ இல்லாத ஆய்வகத்துக்கு அதுவே பொருத்தம். அளவு தெரிய வேண்டுமென்றால் 11 அமினோ அமிலமே கொண்ட ஹைபிட் வால் (ஒளிரும் நொதி ஒன்றின் சிறு துண்டு) மேல்: ஊசிக்குச் சுமையில்லை, ஒளி அளவுக்கேற்ப ஏறும். குறை, அதன் மறுபாதியான பெரிய துண்டை உற்பத்தி செய்யும் செல் வரிசை வேண்டும். இரத்தத்திலிருந்து நேரே எடுத்த நியூட்ரோஃபிலில் அது நடக்காது. அங்கே சிசிஎஃப்4-க்கு நிகரில்லை.

சிக்கனமும் பரவாயில்லை. ஒரு முழு 96 குழி பிளேட்டுக்கு 2 மில்லிலிட்டர் கலவை போதும், அதில் 12 மைக்ரோலிட்டர் ஏ-தான் செலவாகிறது. 200 மைக்ரோகிராம் குப்பியில் ஏறத்தாழ 15 பிளேட் ஓட்டலாம். சிசிஎஃப்2, சிசிஎஃப்4 இரண்டும் கிடைத்தால் கரைசலில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் சிசிஎஃப்4-ஐ எடுங்கள். ஆர்டர் போடும் முன் உங்கள் ரீடரில் 409-க்கு ஃபில்டர் இருக்கிறதா, கீழிருந்து படிக்குமா என்று பார்த்துவிடுங்கள். 360-ஐ மையமாகக் கொண்ட பொதுவான நீல ஃபில்டரை வைத்துச் சமாளிக்க முயன்றால் செல்லின் சொந்த ஒளிர்வே நீலமாகத் தெரிந்து, தொற்றாத குழிகளும் ஆம் என்று சொல்லத் தொடங்கிவிடும்.